பூஜ்ய டாலர் முத்திரை

ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு நாள், காப்பி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது என் அலுவலக நண்பர் கைப்பேசியை நீட்டினார். “ஸ்டாம்ப் வந்துவிட்டது” என்றார், மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த மாதிரி ஒரு முகத்தோடு. டெக்சாஸ்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சனிக்கிழமை ராத்திரிகளில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். வந்திருந்தது அவருடைய இரண்டாவது சைலன்சருக்கான அனுமதி; அது வரி முத்திரையாகத்தான் வரும். முதலாவதை 2019-இல் வாங்கினார். அதற்கு 200 டாலர் வரி, பத்து விரல் ரேகை, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஒன்பது மாதக் காத்திருப்பு. இந்த முறை புத்தாண்டு அன்றைக்கே விண்ணப்பம் போட்டிருந்தார். விரல் ரேகை அதேதான். புகைப்படம் அதேதான். படிவமும் ஏறக்குறைய அதேதான். வரி என்ற இடத்தில் மட்டும் பூஜ்யம்.

சைலன்சர் என்றால் நமக்குப் புல்லட் வண்டிதான் ஞாபகம் வரும். இது துப்பாக்கிக் குழலின் நுனியில் திருகி மாட்டும் உருளை. அமெரிக்கச் சட்டம் இதை சைலன்சர் என்கிறது, விற்பவர்கள் சப்ரஸர் என்கிறார்கள், நண்பரைப் போன்றவர்கள் செல்லமாக ‘கேன்’ என்கிறார்கள். எனக்குத் துப்பாக்கிகள் மேல் பிரியமும் கிடையாது, பெரிய அறிவும் கிடையாது. ஆனால் அந்தப் பூஜ்யம் என்னை விடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதே கேள்வி: ஒன்றுமே வாங்காத வரிக்கு எதற்கு ஒரு படிவம், எதற்குப் பத்து விரல்?

காரணம் என் வளர்ப்பாக இருக்கலாம். அப்பா ஸ்டாம்ப் வெண்டர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மர மேசை, ஒரு தகரப் பெட்டி, நீளவாக்கில் கோடு போட்ட ஒரு நோட்டு. இருபது ரூபாய்த் தாளில் எழுதிய ஒப்பந்தம் ஒன்று பல லட்ச ரூபாய் நிலத்தின் தலையெழுத்தை மாற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முத்திரை ஒட்டாத பத்திரத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பாக்கித் தீர்வையோடு அபராதமும் கட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்பதெல்லாம் எட்டாவது படிக்கும்போதே தெரியும். முத்திரைக்கு ஒரு விலை, அந்த விலைக்கு ஒரு வேலை. விலையில்லாத முத்திரையை அப்பாவின் தகரப் பெட்டியில் நான் பார்த்ததில்லை.

இந்த நண்பரோடு ஒருமுறை டாலஸுக்கு வெளியே ஒரு சுடுதளத்துக்குப் போயிருக்கிறேன். நான் இன்னும் எச்1பி விசாவில் இருப்பவன். இந்த விசாக்காரர்கள் துப்பாக்கியைக் கையில் தொடுவதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது: வேட்டை உரிமம் வைத்திருந்தால் தொடலாம். அதனால் ஒரு முயலைக்கூட விரட்டாத, புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம் சாப்பிடுகிற நம் ஆட்கள் பலர் 25 டாலர் கொடுத்து டெக்சாஸ் வேட்டை உரிமம் எடுத்துப் பர்ஸில் வைத்திருப்பார்கள். நானும் எடுத்தேன். அன்றைக்கு அவருடைய கேன் மாட்டிய ரைஃபிள் சத்தத்தைக் கேட்கக் காது மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். சினிமாவில் வருகிற அந்தப் ‘புஸ்’ எங்கே என்று தேடினேன். வந்தது ஓங்கி அறைந்த கதவுச் சத்தம். கூடவே காற்றைக் கிழித்துக்கொண்டு சாட்டை சொடுக்கியது போல ஒரு ஒலி. குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும்போது வருவது அது, அதை எந்தக் குழாயாலும் அமுக்க முடியாது என்றார். பொதுவாக இந்தக் கருவி 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். 160-க்கு மேல் போகிற சத்தம் 130-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காது பிழைக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமல் யாரையும் சுட்டுவிட முடியாது.

மேக்சிம் வீட்டுப் பிள்ளை

இதைக் கண்டுபிடித்தவர் ஹைரம் பெர்சி மேக்சிம். இவருடைய அப்பா ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்சிம்தான் காலனியப் போர்களில் ஆயிரக்கணக்கானவர்களைச் சாய்த்த மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். அதன் பக்கத்திலேயே நின்று சுட்டுச் சுட்டு அப்பாவுக்குக் காது போயிற்று. பிள்ளை சத்தத்தைக் குறைக்க வழி தேடினார். குடும்பக் கணக்கு எங்கோ நேராகிற மாதிரி இருக்கிறது, இல்லையா? 1909-இல் காப்புரிமை வாங்கி, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் நிறுவனம் நடத்தினார். தண்ணீர்க் குழாயில் நீர் சுழன்று இறங்குவதைப் போல வெடிவாயுவைச் சுழல விட்டு மெதுவாக வெளியே அனுப்புவதுதான் யோசனை. அதே யோசனையை மோட்டார் எஞ்சின்களின் புகைக்குழாய்க்கும் கொண்டுபோனார். ஆகவே சைலன்சர் என்றதும் நமக்கு வண்டி ஞாபகம் வருவதில் பெரிய தப்பில்லை, இரண்டும் ஒரே பட்டறைச் சமாசாரம். அந்தக் காலத்தில் இவர் சைலன்சரைச் சில டாலருக்குத் தபாலில்கூட வரவழைக்கலாம். வீட்டுப் பின்கட்டில் குறி பார்த்துப் பழகுகிற கனவான்களுக்கான பொருள் என்றுதான் விளம்பரம் செய்தார்கள்.

பிறகு மதுவிலக்குக் காலம், ரவுடிக் கும்பல்கள், 1929-இல் சிகாகோவில் காதலர் தினத்தன்று நடந்த கொலைகள், 1933-இல் மயாமியில் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்த துப்பாக்கிச் சூடு. 1934 ஜூனில் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கி, குழல் வெட்டிய துப்பாக்கிகள், சைலன்சர் ஆகியவற்றைக் கைமாற்றினால் 200 டாலர் வரி. அன்றைய 200 டாலர் இன்றைக்கு நாலாயிரத்துக்கு மேல். சில டாலர் பொருளுக்கு இருநூறு டாலர் வரி போட்டால் யார் வாங்குவார்கள்? வாங்கக்கூடாது என்பதுதான் எண்ணம். கைத்துப்பாக்கிகளையும் இதில் சேர்க்கத்தான் முதலில் திட்டம். எதிர்ப்பு வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். சைலன்சர் எப்படி உள்ளே வந்து உட்கார்ந்தது என்பதற்கு அன்றைய நாடாளுமன்ற விசாரணைப் பதிவுகளில் பேருக்குக்கூடச் சரியான விவாதம் கிடையாது. இயந்திரத் துப்பாக்கியோடு ஒரே பேருந்தில் ஏற்றி விட்டார்கள், அவ்வளவுதான். எண்பது தொண்ணூறு வருஷமாக யாரும் இறங்கச் சொல்லவில்லை.

என் சந்தேகத்தின் வேர் அந்த விசாரணைப் பதிவுகளில்தான் இருந்தது. அரசின் தலைமை வழக்கறிஞர் ஹோமர் கம்மிங்ஸிடம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள்: ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் இருக்கும்போது இதை எப்படிச் செய்வீர்கள்? அவர் ஒளித்து மறைக்கவில்லை. இயந்திரத் துப்பாக்கியை யாருமே வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் போட்டால் அரசமைப்புக் கேள்வி எழலாம், வரி போடுகிறோம் என்று சொன்னால் பத்திரமாக இருப்போம் என்கிற பொருள்பட வெளிப்படையாகவே சொன்னார். அதாவது வேலி போட அதிகாரம் இருக்கிறதா என்று சந்தேகம். வரி போட அதிகாரம் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அப்படியானால் வேலிக்கு வரி என்று பெயர் வைத்துவிடலாம். 1937-இல் சான்சின்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஒருமனதாகத் தலையாட்டியது. எந்த வரியும் கொஞ்சம் கட்டுப்படுத்தத்தான் செய்யும், நாடாளுமன்றத்தின் மனசுக்குள் புகுந்து பார்ப்பது எங்கள் வேலையில்லை என்றார் நீதிபதி ஸ்டோன். அதே வருஷம் கஞ்சாவுக்கும் இதே வழியில் வரிச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு பூட்டுக்குச் சாவி கிடைத்ததும் தெருவில் உள்ள எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்ப்பது போல.

பதிவேடும் அந்த வரியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. வரி வசூலிக்க வேண்டுமானால் எது யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும், ஆகவே எழுதி வைக்கிறோம். 1968-இல் ஹேன்ஸ் வழக்கில் ஒரு முட்டு வந்தது. சட்டவிரோதமாக வைத்திருப்பவனைப் போய்ப் பதிவு செய் என்பது அவனையே குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதாகும் என்றது உச்ச நீதிமன்றம். நாடாளுமன்றம் அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, 1968 நவம்பர் 2-லிருந்து யார் வேண்டுமானாலும் பயமில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு மாதம் கதவைத் திறந்து வைத்தது. இன்றைக்கு அந்தப் பதிவேடு மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் அலுவலகத்தில் இருக்கிறது. 2021-லேயே அதில் 26 லட்சத்துக்கு மேற்பட்ட சைலன்சர்கள் ஏறியிருந்தன. பதிவில்லாத ஒன்றை வைத்திருந்தால் பத்து வருஷம் வரை சிறை. சைலன்சர் செய்யும் எண்ணத்தோடு வைத்திருக்கும் ஒரே ஒரு உதிரிபாகம்கூடச் சட்டத்தின் பார்வையில் முழுச் சைலன்சர்தான்.

ஒரு ஜூன் மாதம்

2025-இல் நடந்ததை நண்பர் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி தினமும் வந்து சொல்வார். சைலன்சரை இந்தச் சட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லும் மசோதா 2015-இலிருந்தே வந்து வந்து போகிறது. ‘கேட்புத்திறன் பாதுகாப்புச் சட்டம்’ என்று அதற்குப் பெயர். பெயர் வைப்பதில் இவர்களை நம்மூர் அரசியல்வாதிகள்கூட மிஞ்ச முடியாது. 2017-இல் நகர்ந்துகொண்டிருந்தபோது லாஸ் வேகஸ் படுகொலை நடந்து, அப்படியே கிடப்பில் போட்டார்கள். செனட்டில் சாதாரணமாக ஒரு மசோதா நகர 60 வாக்கு வேண்டும், குடியரசுக் கட்சிக்கு அது கிடைக்காது. ஆனால் வரவு செலவு சம்பந்தப்பட்ட சமரச மசோதா என்றால் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆகவே டிரம்பின் அந்தப் பெரிய வரி மசோதாவுக்குள் இதையும் சொருகினார்கள். துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஜார்ஜியா உறுப்பினர் ஆண்ட்ரூ கிளைட் பிடிவாதமாக நின்றார். மே 22 அன்று கீழவையில் 215-க்கு 214 என்று மயிரிழையில் நிறைவேறிய மசோதாவில் சைலன்சருக்கு முழு விடுதலை இருந்தது. வரியும் போயிற்று, பதிவும் போயிற்று. நண்பர் அன்று டோனட் வாங்கி வந்தார்.

செனட்டில் ராபர்ட் பேர்ட் பெயரில் ஒரு விதி இருக்கிறது. சமரச மசோதாவில் வரவு செலவுக்கு நேர் தொடர்பில்லாத எதையும் நுழைக்கக்கூடாது. எது தொடர்புள்ளது, எது இல்லாதது என்று சொல்பவர் செனட்டின் விதி ஆலோசகர் எலிசபெத் மக்டோனா. ஜூன் கடைசியில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இந்தப் பொருள்களைப் பதிவேட்டிலிருந்து எடுப்பது பண விவகாரம் இல்லை, ஒழுங்குமுறை விவகாரம், இங்கே இடமில்லை. வேறு வழியில்லாமல் பதிவை விட்டுவிட்டு வரித்தொகையில் மட்டும் கை வைத்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குழல் குட்டையான துப்பாக்கிகளுக்கும் 200 என்பது பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு வகையறாவுக்கும் பழைய 200 அப்படியே. செனட்டில் 50-க்கு 50 வந்து, துணை அதிபர் வான்ஸ் வாக்கில் நிறைவேறி, ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு நண்பர் காப்பி மெஷின் பக்கத்தில் வந்து நின்று கேட்ட கேள்விதான் எனக்குள் தங்கிப்போனது. தொண்ணூறு வருஷமாக எங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கும்போதெல்லாம் ‘இது வெறும் வரிதானே’ என்றார்கள். வரியைத் தொட வேண்டும் என்று செனட்டுக்குப் போனால் ‘இது வரியே இல்லையே’ என்கிறார்கள். எது உண்மை?

என்னிடம் பதில் இல்லை. துப்பாக்கி விஷயத்தில் இவர் பக்கம் ஒரு நாளும் நிற்க மாட்டேன் என்று நினைத்திருந்தவன் நான். என் பிள்ளை படிக்கும் பள்ளியில் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை, சுடுகிறவன் வந்தால் எங்கே ஒளிவது என்று பழக்குகிறார்கள். ஏழு வயதுக் குழந்தை அலமாரிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரப் பழகுகிறாள். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிற எனக்கு, இந்த மனிதரின் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை என்பது எரிச்சலாக இருந்தது.

எதிர்பார்த்தபடி வழக்குகள் வந்தன. சட்டம் கையெழுத்தான சூட்டோடு டெக்சாஸில் ஒன்று, ஆகஸ்டில் மிசௌரியில் இன்னொன்று. வாதம் எளிமையானது. இந்தப் பதிவேடு நிற்பது வரி என்ற ஒற்றைக் காலில். வரி பூஜ்யம் என்றால் கால் இல்லை. இது எங்கோ கேட்டதாக இருக்கிறதே என்று தோன்றினால் சரிதான். 2012-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் காப்பாற்றியது, காப்பீடு எடுக்காதவர் கட்டும் அபராதம் ஒரு வரிதான் என்று சொல்லித்தான். அரசுக்குக் கொஞ்சமாவது பணம் வர வேண்டும், அதுதான் வரியின் அடிப்படை லட்சணம் என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார். 2017-இல் குடியரசுக் கட்சி அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. உடனே டெக்சாஸ் வழக்குப் போட்டது. ஃபோர்ட் வொர்த் நீதிபதி ரீட் ஓ’கானர் 2018 டிசம்பரில், பணம் வராதது வரியில்லை, ஆகவே முழுச் சட்டமும் செல்லாது என்றார். 2021-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அதைத் தள்ளியது. ஆனால் பூஜ்யம் வரியா இல்லையா என்ற கேள்விக்குள் போகவே இல்லை. பூஜ்யத்தால் உனக்கு என்ன நஷ்டம், வழக்குப் போட உனக்கு என்ன உரிமை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. அப்போது ஓ’கானரைக் கிண்டல் செய்து வாட்ஸ்அப்பில் எழுதியவர்களில் நானும் ஒருவன். அதே தர்க்கம் இப்போது என் காப்பி கோப்பைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

சைலன்சர் வழக்கில் வாசலிலேயே திருப்பி அனுப்புவது அவ்வளவு எளிதில்லை. காப்பீடு எடுக்காதவருக்குத் தண்டனையே இல்லை. பதிவு செய்யாதவருக்கோ பத்து வருஷம். சட்டத்தைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கும் வழியில்லாமல் இல்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது, அதில் சாய்ந்துகொள்ளலாம். இன்னொன்றும் உண்டு: சைலன்சர் செய்பவரும் விற்பவரும் வருஷா வருஷம் கட்டும் தொழில் வரி இன்னும் பூஜ்யமாகவில்லை. 1937 வழக்கில் சான்சின்ஸ்கி என்ற வியாபாரி கட்டாமல் விட்டது அந்த வருடாந்திர வரியைத்தான். ஆக, எல்லாரும் மேற்கோள் காட்டும் பழைய தீர்ப்பின் அடியில் இருந்த வரி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இதை நண்பரிடம் சொன்னபோது முதல் முறையாக அவர் கொஞ்சம் யோசித்தார். எனக்கு அல்பமாக ஒரு சந்தோஷம்.

பத்து விரல்

“200 டாலரா உங்களுக்குப் பிரச்சினை? உங்கள் பன்றி வேட்டைக் கண்ணாடியே மூவாயிரம் டாலர் ஆயிற்றே” என்று ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்தார். வரியை வேண்டுமானால் இரண்டாயிரமாக்கு, கட்டுகிறேன். என் பெயரை அந்த நோட்டில் எழுதாதே என்றார். நான் என் கதையைச் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் பத்து விரலையும் எத்தனை முறை கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. வீடு மாறினால் பத்து நாளுக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து, வெளிநாட்டவர் தாங்கள் பதிவு செய்யப்பட்டதற்கான சான்றை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்ற பழைய சட்டத்தைத் தூசி தட்டி அமல்படுத்துகிறார்கள். நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94 தாளின் நகல் ஒன்றை மடித்து வேட்டை உரிமத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஒன்பது மாதம் காத்திருந்தேன் என்கிறார் அவர். கிரீன் கார்டு வரிசையில் நான் நிற்பது பதிமூன்றாவது வருஷம். ஒரு தகர உருளையைப் பதிவு செய்வது கொடுங்கோன்மை, ஒரு மனிதனைப் பதிவு செய்வது நிர்வாகமா?

கோபப்படுவார் என்று நினைத்தேன். அப்படியானால் உனக்குத்தானே முதலில் புரிய வேண்டும் என்றார்.

பல நாள் இதை மென்றுகொண்டிருந்தேன். உண்மையில் எனக்குப் புரியத்தான் செய்தது. பெயர் எழுதப்பட்ட நோட்டு எந்தக் காலத்தில் யார் கையில் இருக்கும் என்பது எழுதப்பட்டவன் தீர்மானிக்கும் விஷயமில்லை. ஆனால் 2019-இல் வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் 12 பேரைக் கொன்றவன் துப்பாக்கியில் சைலன்சர் இருந்தது. முதலில் அது துப்பாக்கிச் சத்தம் என்றே புரியவில்லை என்று தப்பித்தவர்களில் சிலர் சொன்னார்கள். அவன் அதைச் சட்டப்படிதான் வாங்கியிருந்தான் என்பது இந்த வாதத்தில் யாருக்கும் வசதியான செய்தியில்லை. பதிவேடு அவனைத் தடுக்கவில்லை என்பார் நண்பர். பதிவேடு இல்லாவிட்டால் இப்படி இன்னும் எத்தனை என்பேன் நான். 2024 டிசம்பரில் நியூயார்க் தெருவில் காப்பீட்டு நிறுவனத் தலைவர் பிரையன் தாம்சனைச் சுட்ட துப்பாக்கியிலும் சைலன்சர் இருந்தது, கடையில் வாங்காத வகை. மறுபக்கம், இவை குற்றங்களில் மிக அரிதாகவே வருகின்றன என்று 2017-இல் ஏடிஎஃப்பின் உயர் அதிகாரி ரொனால்ட் டர்க்கே எழுதினார். நார்வேயில் வேட்டைக்காரர்கள் இதைச் சாதாரணமாகக் கடையில் வாங்கிப் போகிறார்கள். அங்கே துப்பாக்கிக்கு உரிமம் கடுமை, குழாய்க்கு இல்லை. இங்கே தலைகீழ். டெக்சாஸில் துப்பாக்கியை அன்றைக்கே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், அதன் சத்தத்தைக் குறைக்கும் குழாய்க்குத்தான் பத்து விரலும். நியூயார்க், கலிஃபோர்னியா உட்பட எட்டு மாநிலங்களில் எத்தனை விரல் கொடுத்தாலும் கிடையாது.

நீதிமன்றங்களுக்கும் இது தலைவலிதான். நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், பதிவில்லாத சைலன்சரோடு பிடிபட்ட லூசியானாக்காரர் ஒருவர் வழக்கில், 2025 பிப்ரவரியில் ‘இது ஆயுதமே இல்லை, துணைப்பொருள்; இரண்டாம் திருத்தம் இதைக் காக்காது’ என்றது. பிறகு டிரம்ப் அரசே வந்து, காக்கும்தான், ஆனால் பதிவு கேட்பது தப்பில்லை என்று நிலை மாற்றிக்கொண்டது. ஆகஸ்டில் நீதிபதிகள் பழைய தீர்ப்பை எடுத்துவிட்டு, காக்கும் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் தகுதியானவருக்கு மறுக்காமல் கொடுக்கும் முறைதானே இது என்று சொல்லித் தண்டனையை உறுதிப்படுத்தினார்கள். ‘வைத்துக்கொள்வோம்’ என்ற சொல்லை நீதிபதிகள் எத்தனை அழகாகப் பயன்படுத்துகிறார்கள்!

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசும்போது இதைச் சொன்னேன். அவருக்கு எண்பதை நெருங்குகிறது. துப்பாக்கியில் ஆர்வமில்லை, ஸ்டாம்ப் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பூஜ்யத்துக்கு ஸ்டாம்ப்பா? வெண்டருக்கு என்னப்பா கமிஷன்?” என்றார் முதலில். அப்புறம் கேட்டார்: “நம்பர் போட்டு நோட்டுல ஏத்துறானா?”

“ஏத்துறான்.”

“அப்ப சரி. காசு எவ்வளவா இருந்தா என்ன.”

எனக்கு ஒரு வழக்கை நினைவுபடுத்தினார். நான் கல்லூரியில் இருந்தபோது நடந்தது. ஒரு கிரய ஒப்பந்தம், இருபது ரூபாய்த் தாள், அதில் ஒரு பெரியவரின் கையெழுத்து. தாளின் பின்பக்கம் அப்பா எழுதிய வரிசை எண் இருந்தது, தேதியை மட்டும் யாரோ சுரண்டித் திருத்தியிருந்தார்கள். கோர்ட்டில் அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நோட்டைப் பிரித்தால் அந்த எண்ணுள்ள தாள் விற்ற தேதி, பெரியவர் செத்து நாலு மாதம் கழித்து. அன்றைக்கு இருபது ரூபாயைப் பற்றி யாரும் பேசவில்லை, நோட்டைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு இது போதும் என்று இருந்தது. நண்பரிடம் நாளைக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது. வரி என்றைக்குமே சாக்குதான், எழுதி வைப்பதுதான் வேலை, அந்த வேலை இன்னும் தேவை.

“ஆனா ஒண்ணுப்பா” என்றார் அப்பா. “என் லைசென்ஸ் ஸ்டாம்ப் விக்கிறதுக்கு. விக்கிறதாலதான் வாங்குறவன் பேரைக் கேட்டு எழுதுறேன். நாளைக்கு ஸ்டாம்ப்பே விக்க வேண்டாம், போறவன் வர்றவன் பேரை மட்டும் எழுதிக்கோன்னு சொன்னா, நான் யாரு எழுதுறதுக்கு? ஒரு பய நின்னு பதில் சொல்லுவானா?”

நண்பருடைய வழக்கறிஞர்கள் நூறு பக்கத்தில் எழுதியதை அப்பா மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார், அதுவும் என் பக்கம் பேசி முடித்த கையோடு. இரண்டும் எப்படி ஒரே வாயிலிருந்து வருகிறது என்று கேட்டேன். இரண்டும் நிஜம்தானே என்று சொல்லிவிட்டு, பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டார்.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தப் பதிவேடு இருக்க வேண்டும் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் 1934-இல் கம்மிங்ஸ் சாமர்த்தியமாகக் கட்டிய அந்தக் கட்டடத்தின் அடியில் இருந்த கல்லை உருவிவிட்டார்கள் என்பதும் தெரிகிறது. நேர்மையான வழி, வரி என்ற பேச்சே இல்லாமல், இந்தப் பொருளைப் பதிவு செய்ய வேண்டும் அல்லது வேண்டாம் என்று நாடாளுமன்றம் நேராக ஒரு சட்டம் எழுதுவது. இரண்டு கட்சிக்கும் 60 வாக்கு கிடையாது என்பதால் இரண்டு பேருமே எழுத மாட்டார்கள். டெக்சாஸின் லபக்கிலோ மிசௌரியின் செயின்ட் லூயிஸிலோ ஏதோ ஒரு நீதிபதி எழுதட்டும் என்று விட்டுவிடுவார்கள். பிறகு பிடிக்காத பக்கம் அந்த நீதிபதியைத் திட்டும். நானும் திட்டுவேன்.

அப்பா போனை வைப்பதற்கு முன், அந்தப் பூஜ்ய ஸ்டாம்ப்பை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று கேட்டிருந்தார். மறுநாள் நண்பரிடம் கேட்டேன். பழைய 2019 படிவத்தை உடனே காட்டினார். மேல் மூலையில் 200 டாலர் வில்லை, அதன் மேல் ரத்து செய்த கோடு, பார்க்க அழகாகவே இருந்தது. புதியதைப் படம் எடுக்க மட்டும் தயங்கினார். இது வரி ஆவணம் என்பதால் மற்ற வருமானவரிக் கணக்குகளைப் போல இதையும் அரசாங்கம் யாரிடமும் காட்டக்கூடாது, 6103 என்று ஒரு பிரிவு இருக்கிறது என்றார். வழக்கில் நீங்கள் ஜெயித்து வரியே இல்லை என்றாகிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போகுமே என்றேன். அப்போது நோட்டும் இருக்காதே என்று சிரித்தார். கடைசியில் மேசை மேல் தாளை வைத்து, தன் பெயர் இருந்த இடத்தில் ஒரு கை விரல்களையும், வரிசை எண் இருந்த இடத்தில் இன்னொரு கைக் கட்டைவிரலையும் அழுத்தி மூடிக்கொண்டு, ம், எடு என்றார்.

அப்பாவுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது. “ஸ்டாம்ப்பைக் காணோமே, விரல்தான் தெரியுது.”